திரும்பி நிற்பவர்

சிபெக்யூ
மார்ச் 4, 1997

மரியாதைக்குரிய மருமகனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

பதினான்கு வருடங்களில் இது முதல் கடிதம். நமக்கு நடுவே சொற்களைச் சுமந்த என் மூத்த மகள் போய்ச் சேர்ந்து இரண்டு பனிக்காலம் ஆகிறது. நீங்கள் வீட்டுக்குள் வந்தால் நான் பின்வாசலில் இறங்கிவிடுவேன். நான் கடைக்கு வந்தால் நீங்கள் லாரிக்குப் பின்னால் போய்விடுவீர்கள். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்காதிருப்பது நம் பழங்குடி மக்களிடம் மரியாதை. அதில் எனக்குக் குறையில்லை.

இப்போது ஒரு சங்கடம். கிழக்கே ஏதோ நகரத்திலிருந்து நீங்கள் வேலை பார்க்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்த பொருள்களில் ஒரு மான்தோல் மேலாடை இருக்கிறதாம். இளையவள் வெர்னா பார்த்துவிட்டு வந்தாள். இடது தோளில் நான்கு மணிகள் உதிர்ந்திருக்கின்றன என்றாள். அப்படியானால் அது என்னுடையது. நான் வயதுக்கு வந்த சடங்கில் நான்கு நாள் அதைப் போட்டுக்கொண்டு ஆடினேன். அந்தக் குளிர்காலத்திலேயே மாவுக்கும் காப்பித்தூளுக்கும் போய்விட்டது.

எனக்குக் கண்ணில் புரை. முழுக்க மூடுவதற்குள் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே எப்போதும் நீங்கள். எந்தக் கிழமை இருக்க மாட்டீர்கள்?

அத்தை
ரமோனா அல்டாஹா


பழைய கோட்டை
மார்ச் 9

அத்தைக்கு,

நான் இல்லாத நாளில் கதவும் திறக்காது. அதனால் இப்படிச் செய்வோம். வியாழன் காலை பதினொரு மணி. வெர்னா வண்டியை நிறுத்தியதும் ஹாரன் அடிக்கட்டும். நான் குதிரைலாயத்துப் பக்கம் போய்விடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கூசும். திரை போட்டு வைக்கிறேன். முக்காலியும் இருக்கும். தோளில் மஞ்சள் படிந்திருக்கிறது. சடங்கில் தூவிய மகரந்தமா, வெறும் பழசா, சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் சிவப்புப் பாவாடையில் ஒரு அம்மாள் வந்தார். நீங்கள்தான் என்று மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். காவலர் ஹோலிஸ் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "ஏன்டா டெல்வின், ஒரு மாமியாருக்கு ஒளியறது போதாதா? ஊர்ல இருக்கிற கிழவி எல்லாம் உன் மாமியாரா?" என்கிறார்.

மருமகன்
டெல்வின் கோசே


சிபெக்யூ
மார்ச் 22

மருமகனுக்கு,

மகரந்தம்தான்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் நின்று, "எவ்வளவு பழசு இது?" என்றாள். "என்னைவிட சின்னது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வெர்னா சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பிறகு ஜன்னல் வழியாக உங்கள் முதுகைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றீர்கள். "அம்மா, மாமா தொப்பிகூட போடலை. சீக்கிரம் பாருங்க, மனுஷன் வதங்கிடுவார்" என்றாள் வெர்னா.

இனி எழுத வந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் லொரைன் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் அவளிடம் எதுவும் சொல்லாமல் இருப்பது ஏன் என்பதும் தெரியும். போனவளின் வீட்டார் விடுவிக்காமல் நீங்கள் இன்னொருத்தியைக் கட்ட முடியாது. கேட்கவும் உங்களுக்கு வாய் வராது.

என் அண்ணன்களிடம் பேசிவிட்டேன். விடுவிக்கிறோம்.

ஆனால் அதைக் காகிதத்தில் முடிக்க மனமில்லை. அடுத்த வியாழன் வருகிறேன். நீங்கள் போக வேண்டாம். எதிரே வந்து உங்களைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டால் நீங்கள் எனக்கு மருமகன் இல்லை. யாரோ ஒரு நல்ல மனிதர். என் மகள் பன்னிரண்டு வருடம் பார்த்த முகம். எனக்கு அது எப்படியிருக்கும் என்றே தெரியாது.

ரமோனா


பழைய கோட்டை
மார்ச் 25

அத்தைக்கு,

இதை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

லொரைன் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. எனக்கு ஆசை இருக்கிறது. விடுவித்த உங்கள் அண்ணன்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் பார்க்க வேண்டாம்.

போனவளுடைய துணிகளை எரித்தோம். சேணத்தைக் கொடுத்துவிட்டோம். பெயரைச் சொல்வதில்லை. எல்லாம் முறைப்படி. உங்களுக்காகத் திரும்பி நிற்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். அந்த நேரத்தில் மட்டும் நான் இன்னும் அவள் கணவன்.

லொரைனின் தாயார் உயிரோடு இல்லை. இனி நான் யாருக்கும் ஒளிய வேண்டியிராது. உங்களுக்காவது ஒளிகிறேனே.

வியாழன் லாயத்துப் பக்கம்தான் இருப்பேன். முடிவு உங்களுடையது.

டெல்வின்


சிபெக்யூ
மார்ச் 28

மருமகனுக்கு,

நேற்று உங்களுக்குப் பின்னால் பத்தடி வரை வந்தேன். என் செருப்புச் சத்தம் உங்களுக்குக் கேட்டது. தோள் இறுகியதைப் பார்த்தேன். நீங்கள் திரும்பவில்லை. இன்னும் பத்தடி சுற்றி நடந்தால் முகம். நின்றேன். வெர்னா வண்டியிலிருந்து, "என்னம்மா, முன்னாடி போறீங்களா இல்லையா?" என்றாள். "நீ வாயை மூடு" என்று சொல்லி வண்டிக்குத் திரும்பினேன்.

தலையில் வழுக்கை விழுகிறது. அதைப் போனவள் சொல்லவேயில்லை.

லொரைனின் தாய்மாமன் கரிஸோவில் இருக்கிறார். பெண் கேட்க உங்களுக்குத் தாய் இல்லை, அக்காவும் இல்லை. நான் போகிறேன். நான் யார் என்று அவர் கேட்டால் மாப்பிள்ளையின் மாமியார் என்பேன். விழிக்கட்டும்.

ஞாயிறு காலை புறப்படுகிறோம். அவர்கள் வீட்டுக்கு நீங்களும் வந்தாக வேண்டும். உங்கள் வண்டியில், இரண்டு வளைவு பின்னால் வாருங்கள். நான் பேசி முடித்துக் கொல்லைப் பக்கமாகப் போன பிறகு உள்ளே போங்கள்.

தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை