மலையடியில் ஒரு ஜோடி செருப்பு

கண்ணு,

போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நீ பயப்படும்படி ஒன்றுமில்லை.

நம் வீட்டில் தங்கிப் படிக்கிற ஜெர்மனிப் பெண் எலிஸ், சனிக்கிழமை சிநேகிதிகளோடு ராஜகிரிக் கோட்டை ஏறப் போனாள். கோட்டையைப் பூட்டுகிற நேரமாகியும் வீடு திரும்பவில்லை. போனும் போகவில்லை. உன் நைனாவும் நானும் வண்டியில் ஓடினோம்.

"எல்லாரும் எறங்கிட்டாங்கம்மா, மேல யாருமில்ல" என்றார் வாட்ச்மேன். முதல் படிக்குப் பக்கத்தில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. நைனா கோட்டைக் குளத்துப் பக்கம் தேடப் போனார். நான் போகவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மோனிகா கூப்பிட்டாள். "அக்கா, எங்க போனீங்க? பொண்ணு உங்க வாசல்ல உக்காந்திருக்குது. காலெல்லாம் கொப்புளம்."

போன மாதம் உனக்காக வேண்டிக்கொண்டு அதே மலைமேல் இருக்கிற அம்மன் கோயிலுக்கு வெறுங்காலில் ஏறினேன். அதைப் பார்த்தவள், தானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருக்கிறாள். நான் பாறை சுடுவதற்குள் இறங்கிவிட்டேன். இவள் உச்சி வெயிலில் ஏறினாள். சிநேகிதிகள் நின்று நின்று தூக்கி இறக்குவதற்குள் சாயங்காலம், போனிலும் சார்ஜ் இல்லை; ஆட்டோவில் ஏற்றிய அவசரத்தில் செருப்பை யார் நினைப்பார்கள்?

"இன்னாத்துக்கும்மா இப்டி பண்ண?" என்று கத்திவிட்டேன்.

"உங்க பொண்ணும் அடுத்த வாரம் மலைக்குப் போறாங்க இல்ல, ஆன்ட்டி? அவங்களுக்காகத்தான்" என்றாள்.

போய் வா. வேண்டாம் என்று சொல்லவில்லை. மலை இறங்கியதும் முதல் போன் எனக்கு வேண்டாம், நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாவுக்குச் செய். அங்கேயும் ஏதாவது ஒரு குளம் இருக்கும். அந்தப் பக்கம் பார்க்கப் பயந்து அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது.

உன் அம்மா