நாலு மேப்பும் என் வண்டியும்

மே 5, 2007, சனி

காலையிலிருந்து பேய்க்காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி நம் டிரைவ்வேயில்.

இன்றைய வேலை: பைக் சீட்டுக்கு அடியில் அந்தச் சின்னப் பெட்டியை மாட்டுவது. நேற்றுதான் பார்சல் வந்தது. எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றும்போது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு திருகினால், எவ்வளவு பெட்ரோல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று அதற்குள் ஓர் அட்டவணை. அதற்குப் பெயர் மேப். கூடவே ஒரு சிடி. என் வண்டிக்கென்று நாலு தயார் மேப் அதில்.

எல்லாம் பிப்ரவரியில் ஆரம்பித்தது. வண்டி கராஜில் சாய்ந்து சைலன்சர் நசுங்கியது. வேறு கம்பெனி சைலன்சர் போட்டேன். அன்றிலிருந்து மெதுவாகப் போனால் திக்குகிறது, சிக்னலில் நின்றால் அணைகிறது. புகை போகிற வழி மாறிவிட்டது, பெட்ரோல் மட்டும் பழைய அளவில்.

வியாழக்கிழமை, எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே இடப்பக்கம் திரும்பும்போது நட்ட நடு ரோட்டில் அணைந்தது. எதிரே லாரி, ஹாரன். பின்னால் காரில் என் கணவர் ரஃபீக்கும் மகள் ஸனாவும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ர. என் ஹெல்மெட்டை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். எனக்கு எட்டாத தட்டு.

"வித்துரு ஜெரீன். இத்தோட போதும்."

"இந்த மாசம் முடியட்டும் மச்சான். அதுக்குள்ள சரியாகலன்னா நானே விக்கிறேன்."

சொன்னது சொன்னதுதான். ஸ்டூல் போட்டு ஹெல்மெட்டை எடுத்துவிட்டேன்.

மே 6, ஞாயிறு

பெட்டி மாட்டியாயிற்று. மூன்று மணி நேரம், ஒரு நகம் போனது. லேப்டாப்பை பைக்கோடு இணைத்ததைப் பார்த்து ஸனா: "மாம், ஆர் யூ ஹாக்கிங் இட்?"

ஆபீசில் நான் செய்வதே டெஸ்டிங். அப்புறம் என்ன. வீட்டிலிருந்து லைப்ரரி வரை ஏழு சிக்னல், ஒவ்வொரு மேப்புக்கும் ஒரு சுற்று.

மேப் 1: மூன்றாவது சிக்னலில் அணைந்தது.
மேப் 2: அணையவில்லை. பெட்ரோல் நாற்றம், கறுப்புப் புகை. பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.
மேப் 3: பரவாயில்லை ரகம். மெதுவாக ஊரும்போது மட்டும் உதறல்.
மேப் 4: ரேஸ் வண்டிக்காம். போட்டுப் பார்த்தது என் தப்பு.

மேப் 3-ல் விட்டுவைத்தேன்.

ர. டீ குடித்துக்கொண்டே, "பரவாயில்லன்னா போதும்ல? எதுக்கு மறுபடி நோண்டுற?"

பரவாயில்லை என்பது நடு ரோட்டில் உதவாது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விற்கச் சொல்வார்.

மே 9, புதன்

வெயில் ஏறிவிட்டது. ஸனாவுக்குப் பல் டாக்டர் 3.30. பால், கொத்தமல்லி, கராஜ் ரிமோட்டுக்கு பாட்டரி.

லிவர்மோர் ஆபீசிலிருந்து திரும்பும்போது இரண்டு முறை உதறல். அணையவில்லை. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இந்த வண்டிமேல் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று யோசித்தேன். அமெரிக்காவுக்கு வந்து முதல் ஆறு வருஷம் வேலை செய்ய அனுமதி இல்லை. காரில் டிரைவருக்கு வலப்பக்க சீட்டில் உட்கார்ந்தே ஊர் பார்த்தேன். காய்கறி வாங்க வேண்டுமென்றாலும் ர. ஆபீஸ் முடிந்து வர வேண்டும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அது வேறு விஷயம். இந்த வண்டி நானே பார்த்து, நானே லைசென்ஸ் எடுத்து, என் பெயரில் வாங்கியது. விற்றால் அழுவேன். அதுதான் உண்மை.

மே 11, வெள்ளி

டெக்ஸாஸ் காப்பெலிலிருந்து ஷாகுல் காக்கா போன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. அதே மாடல் பைக், அதே சைலன்சர். அவருடையதை அங்கே ஒரு கடையில் அளந்து தனியாக மேப் போட்டிருக்கிறாராம்.

"நீ எதுக்கும்மா கஷ்டப்படுற? என் ஃபைல அனுப்புறேன், அப்படியே போட்டுக்க. இங்க தீயா ஓடுது."

"கடையில குடுத்து எனக்குத் தனியா போடலாம்னு பாக்குறேன் காக்கா."

"அதெல்லாம் தண்டம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நான் தப்பா சொல்லுவேனா?"

இதற்குமேல் காக்காவிடம் என்ன பேசுவது. சரி காக்கா என்றேன். ர.-க்கு ஏக சந்தோஷம். குடும்பத்துக்குள்ளேயே வேலை முடிந்ததல்லவா. மெயில் பத்து நிமிஷத்தில் வந்தது. உடனே ஏற்றிவிட்டேன்.

மே 12, சனி

 சுருக்கமாக.

லைப்ரரி சுற்று. ஆறு சிக்னல் அருமை. ஏழாவதில் இடப்பக்க அம்பு பச்சை, கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் வந்த வேன் என் டயரில் முட்டாத குறை. அடி இல்லை. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

காக்காவுக்கு அங்கிருந்தே போன்.

"ஏர் ஃபில்டர் உங்களுக்கும் கம்பெனிது தானே காக்கா?"

"இல்லம்மா, அதையும் மாத்திட்டேன். சொல்லலையா நான்?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபில்டர் மாறினால் எஞ்சினுக்குள் போகிற காற்று மாறும், பெட்ரோல் கணக்கும் மாறும். ஆபீசில் யாராவது ஒரு ஃபைலை நீட்டி அப்படியே போடு என்றால், என்ன மாற்றினாய், எங்கே எழுதியிருக்கிறாய் என்று பிய்த்துவிடுவேன். வைஸ் பிரசிடென்டாக இருந்தாலும் விடமாட்டேன். காக்கா என்றதும் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கின கதை. காக்கா மேல் கோபமில்லை. என் மேல்தான், மண்டை கொதிக்கிற அளவுக்கு.

ர.-விடம் மறைக்கவில்லை. அவர் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மேப் 3-ஐத் திரும்பப் போட்டேன். லிவர்மோரில் அளந்து போடும் கடைக்கு போன் செய்தேன். அடுத்த சனி, காலை 9. அதுவரை ஆபீசுக்கு கார்பூல்.

மே 15, செவ்வாய்

காக்கா மறுபடி போன். ஃபில்டரையும் மாற்றிவிட்டால் அவர் மேப் பொருந்துமாம்.

"இல்ல காக்கா. என் வண்டிய அளந்து என் வண்டிக்கே போட்டுக்கிறேன்."

 "உன் இஷ்டம்மா" என்றார். வருத்தம்தான். இருக்கட்டும், பெருநாளைக்கு போன் பண்ணும்போது சரியாகிவிடும்.

ஸனாவுக்கு பள்ளியில் எரிமலை பிராஜெக்ட். வீட்டில் பேக்கிங் சோடா சுத்தமாகக் காலி.

மே 19, சனி

தெளிந்த வானம், காற்று குறைவு. மெதுவாக உள்ரோடு வழியே லிவர்மோர்.

கடைக்காரர் கெவின், என் வயசுதான் இருக்கும். பின்சக்கரத்தை ஒரு பெரிய உருளைமேல் ஏற்றி, வண்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டினார். நின்ற இடத்திலேயே வண்டி ஓடும், உருளை அளக்கும், புகைக்குழாயில் ஒரு கருவி.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள்?

இத்தனை நாளில் இதை யாரும் கேட்கவில்லை. சிடி கேட்கவில்லை, காக்கா கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. மெதுவாகத்தான், முழுசாகத் திருகியதே இல்லை என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்து வழக்கம்போலத் திருகிக் காட்டச் சொன்னார்.

என் கை கால்வாசியைத் தாண்டவில்லை.

திரையில் காட்டினார். மேப் 3 முழுத் திருகலில் கச்சிதம், முக்காலில் கச்சிதம். தப்பெல்லாம் அந்தக் கால்வாசிக்குள். நான் குடியிருக்கிற இடத்தில் மட்டும். அந்த மூலைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார், ஒவ்வொரு கட்டமாக. நான் டோனட் தின்றுகொண்டு பார்த்தேன்.

திரும்பி வரும்போது பதினான்கு சிக்னல். உதறலும் இல்லை, அணையவும் இல்லை.  ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ர.-விடம் சரியாகிவிட்டது என்றேன். பார்ப்போம் என்றார்.

மே 20, ஞாயிறு

காலை தோசை. காலிங் பெல். தொப்பி போட்ட ஓர் ஆள், வெளியே அவர் டிரக். இன்டர்நெட்டில் விற்பனை விளம்பரம் பார்த்தாராம், பைக் இன்னும் இருக்கிறதா என்றார்.

ர.-ஐத் திரும்பிப் பார்த்தேன். அவர் தோசையைப் பார்த்தார். பன்னிரண்டாம் தேதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது இதற்குத்தான்.

"விளம்பரத்த எடுக்க மறந்துட்டேன்" என்றார், மெல்ல.

மாசம் முடியும்வரை என்று வாக்குக் கொடுத்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது. அந்நியர் முன்னால் என்ன சொல்வது. கராஜைத் திறந்து, வண்டியை உயிர்ப்பித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அணையவில்லை. சீராக ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் காது கொடுத்துக் கேட்டார், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டுப் பார்த்தார். விளம்பரத்தில் போட்ட விலையைவிடக் கூடுதலாகவே தருகிறேன், இப்போதே என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ர. முன்னால் வந்தார். கையில் இன்னும் சட்னி. மன்னியுங்கள், விற்பதற்கில்லை என்றார். இது என் மனைவியின் கைக்கென்று அளந்து போட்டது, வேறு யார் ஓட்டினாலும் ஓடாது.

அது தப்பு. யார் ஓட்டினாலும் ஓடும். நான் திருத்தவில்லை.