சந்தனத்துக்குக் கீழே இருபது

செப். 29, திங்கள்
காலையிலேயே புழுக்கம். சுண்டலுக்குக் கடலை, தேங்காய், தண்ணீர் கேன். கேன்காரர் வழக்கம்போல் உள்ளே தூக்கி வந்து ஸ்டாண்டில் வைத்துப் போனார். இரண்டு வருடமாக அப்படித்தான்.

ஜிம்மில் இன்றும் அறுபது கிலோ நடக்கவில்லை. ஐம்பதைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்துவிடுகிறேன். அறுபது என்றால், இரண்டு வருடம் முன்பு தண்ணீர் கேனோடு குனிந்தபோது பிடித்துக்கொண்ட அந்த இடம், இடுப்புக்கு இடப்பக்கம், கம்பியைத் தொடும் முன்பே வலிக்கிறது. டாக்டர் எப்போதோ சரியாகிவிட்டது என்றார். நம்பத்தான் முடியவில்லை.

கூடப் பயிற்சி செய்யும் ஸ்டெல்லா (நர்ஸ், வாய் ஜாஸ்தி): "இன்னாக்கா, வெயிட்டப் போய் பேயப் பாக்குற மாதிரி பாக்குற?" எரிச்சல்.

அக். 1, புதன், ஆயுத பூஜை
இன்று எதையும் தொடக் கூடாது. ஜிம் மாஸ்டர் எல்லா பிளேட்டையும் கழுவி, சாமி படத்துக்கு முன் அடுக்கி, நடுவில் அப்பு அப்பென்று சந்தனம், குங்குமம். எடை எண் ஒன்றும் தெரியவில்லை. டிரெட்மில்லுக்கு வாழைக்கன்று! ஸ்டெல்லாவுக்கு இரண்டு பொட்டலம் பொரி, எனக்கு ஒன்று.

அக். 2, வியாழன், விஜயதசமி
தூறல். இரும்புலியூரில் இருக்கும் ஜிம் வரை குடையோடு நடை.

மாஸ்டர்: "சந்தனத்தத் தொடைக்காதீங்கம்மா, தானா போவட்டும்."

பதினைந்து கிலோ மாட்டி வைக்கும் இடத்திலிருந்து இரண்டை எடுத்து ஸ்டெல்லா கம்பியில் கோத்தாள். கம்பி இருபது, ஆக ஐம்பது. தூக்கினேன். கொஞ்சம் கனம்தான். பொரி தின்ற சோம்பல் என்று நினைத்தேன். மூன்று முறை.

கழற்ற வந்த மாஸ்டர் பிளேட்டைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். கட்டைவிரலால் சந்தனத்தைத் தேய்த்தார். 20.

"ஐயையோ, பூஜை முடிஞ்சு நான்தான் எடம் மாத்தி வெச்சுட்டேன். முதுகு வலிக்குதாம்மா?"

ஸ்டெல்லா: "அக்கா! அறுபதுக்கா!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி? அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. இந்த உடம்பா? என்னுடையதா? வீட்டுக்கு வந்தும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழம்பில் உப்பு போட மறந்தேன்.

அக். 3, வெள்ளி
வெயில். சந்தனம் பாதி உதிர்ந்து 20 பளிச்சென்று தெரிகிறது. அதையே போடச் சொன்னேன்.

எண்ணைப் பார்த்த நொடியே வலி, அதே இடத்தில். நேற்று எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. வலியோடேயே குனிந்தேன். கம்பி முழங்காலுக்கு வரும்வரை வலியும் நடுக்கமும். அதற்கு மேல் நடுக்கம் மட்டும்தான், வலி இல்லை. நிமிர்ந்தேன். கண்ணாடியில் ஒரு பொம்பளை, கையில் அறுபது கிலோ. ஆச்சரியத்தில் கீழே வைக்கவே மறந்துவிட்டேன். ஸ்டெல்லாதான் "வெச்சிடுக்கா!" என்று கத்தினாள்.

சாயங்காலம் வாசலில் கேன்காரர், "உள்ள தூக்கியாந்து வெச்சிடட்டாக்கா?"

"வேணாங்க, அங்கயே வெச்சிடுங்க."