குடும்பம் மாதிரி

அன்புள்ள உங்களுக்கு,

நர்ஸ் வேலை கிடைக்கவில்லை. என் பட்டத்தைப் பார்த்து மேட்ரனுக்குத் திருப்திதான். "இத்தனை வருஷம் வீட்டுல மாமியாரைப் பாத்துட்டிருந்தீங்க, இப்ப ஏன் வேலைக்கு?" என்று கேட்டார்.

"இங்கே ஷிஃப்ட் முடிஞ்சா கிளம்பிடலாமே" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எங்களுக்கு நோயாளிங்க எல்லாம் குடும்பம் மாதிரி" என்றார்.

"ஐயோ, அப்படின்னா வேண்டாங்க." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. அவர் என் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தையிடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "நல்லதாப் போச்சு. நீ போயிட்டா என்னை யாரு புரட்டிப் படுக்க வைப்பா?" என்று என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே உங்களுக்கு விடுப்பு கிடைக்காது, தெரியும். நான் கேட்கவில்லை.

அத்தை தூங்கிவிட்டார். பிடி தளரவில்லை. வலது கையால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மனைவி