மாமா பார்க்காத இறுதி ஆட்டம்

பாசத்துக்குரிய மாமாவுக்கு,

கோப்பையை வாங்கிவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

அசல் கோப்பை கிளப் அலுவலகத்தில் இருக்கிறது. ஆடியவர்கள் எல்லோருக்கும் அதே வடிவில் சின்னதாக ஒன்று கொடுத்தார்கள். என்னுடையதைத் திருவெறும்பூர் வீட்டில் வைக்க நித்யா சம்மதிக்கவில்லை. நேராக ஸ்ரீரங்கம் தெற்கு வாசலுக்கு எடுத்துப்போய், உங்கள் பாத்திரக் கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே நிறுத்திவிட்டாள். கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நேற்று ஓர் அம்மாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதற்கு மூடி தனியா வருமா என்று கேட்டாராம். நீங்கள் இருந்திருந்தால் அந்த அம்மாளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஆட்டம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் அனுப்பியிருப்பீர்கள், இல்லையா?

உங்கள் பெண்ணைக் கேட்டு நான் அம்மாவோடு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? என்ன வேலை என்று கேட்டீர்கள். கபடி ஆடுகிறேன் என்றேன்.

"அது சரிங்க. வேலை?"

"அதுதாங்க வேலை."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அத்தையின் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. என் அம்மா தரையைப் பார்த்தார். வயதான பிறகு என்ன செய்வீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டீர்கள். தெரியலைங்க என்றேன். அந்தப் பதிலுக்கு நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்று எனக்கு அன்று புரியவில்லை. பொண்ணு கேட்டு வருகிற எல்லோரும் எல்லாம் தெரிந்த மாதிரியே பேசுகிறார்கள், தெரியலை என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றீர்கள். ஆனால் ஓர் ஆட்டமாவது பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னீர்கள்.

அரியமங்கலத்தில் நடந்த போட்டிக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தீர்கள். உங்களைச் சுற்றி எல்லோரும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் கச்சேரி கேட்க வந்தவர் போல மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

நான் இடது ஓரத்தில், கார்னரில் நிற்பவன். எதிரணி ஆள் பாடிக்கொண்டு வரும்போது அவன் கணுக்காலை முதலில் பிடிக்க வேண்டியது என் வேலை. பிடித்ததும் நான் மண்ணில் முகம் புதைய விழுந்துவிடுவேன். மற்றவர்கள் மேலே பாய்ந்து அமுக்குவார்கள். அந்தக் குவியலில் மேலே இருப்பவன்தான் பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவான். அன்றும் அப்படித்தான் நடந்தது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள்.

"முதல்ல புடிச்சது நீங்க. கைதட்டு மேல விழுந்தவருக்கா?"

"எப்பவும் அப்படித்தான் மாமா."

உங்களை மாமா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. காவிரிப் பாலம் வரும்வரை நீங்கள் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தீர்கள். பாலத்தில் ஏறியதும், தை மாசம் வச்சுக்கலாங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஆடிய ஆட்டத்தைத்தான் கடைத்தெருவே பேசியது. வடக்கே ஒரு நகரத்து கிளப் என்னை எடுத்ததும் கடைக்கு டிவி வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக நிறுத்தி, கார்னர் இது, அதற்கு உள்பக்கம் நிற்கிற கவர் இது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீர்கள். முதல் சீசன் முழுக்க நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். கேமரா பெஞ்ச் பக்கம் திரும்பும் ஒரு நொடிக்காக நீங்கள் ஆட்டம் முடியும்வரை காத்திருந்ததாக நித்யா சொல்வாள். மறுநாள் போனில், டீவில பாத்தோங்க, கொஞ்சம் இளைச்சாப்ல இருக்கீங்க என்பீர்கள்.

இடம் கிடைத்தது. நிலைத்தது. சில வருஷங்களில் என்னையே கேப்டன் ஆக்கினார்கள். அங்கேதான் தடுமாறினேன். கேப்டன் என்றால் கத்த வேண்டும் என்று நினைத்தேன். அணியின் சிறந்த ரெய்டர் தீபக், ஹரியானாக்காரர். எதிரணிப் பக்கம் பாடிப் போய்ப் புள்ளி எடுத்து வருவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு தோல்விக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நீங்கள் ரயிலேறி ஆட்டம் பார்க்க வந்தீர்கள், கை நிறையத் தட்டை பாக்கெட்டுகளோடு. காலையில் ஹோட்டலில் நான் சாப்பிட இறங்கி வந்தால், தீபக் மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பாக்கெட் பாதி காலியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், வீட்ல மாடு இருக்கான்னு கேளுங்க என்றீர்கள். வேறு வழியில்லாமல் கேட்டேன். எருமைகள் இருக்கின்றன என்றார். பால் எதில் கறப்பார்கள், பித்தளையா எவர்சில்வரா என்று அடுத்த கேள்வி. தீபக் இரண்டு கையையும் விரித்து வாளியின் அளவைக் காட்டினார். கழுத்து அகலமா, குறுகலா என்று நீங்கள் கேட்க, நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

நடுவில் அவர் குரல் மாறியது. ஊரில் தன் அப்பா இப்படித்தான் எல்லோர் முன்னாலும் திட்டுவார், அதற்குப் பயந்துதான் வீட்டை விட்டு ஆட வந்தேன், இங்கே உங்களிடமும் அதே திட்டைத்தான் வாங்குகிறேன் என்று இந்தியில் என்னிடம் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டீர்கள்.

"பித்தளைதானாம் மாமா."

நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரித்தீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே அன்று ஒன்றும் தெரியாதா? இல்லை, தெரிந்துதான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தீர்களா? நித்யாவிடம் கேட்டால், அப்பாவுக்குப் பாத்திரம்னா ஆசை, வேற ஒண்ணுமில்ல என்கிறாள். எனக்கு இன்னும் சந்தேகம்தான். அன்றிலிருந்து யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஜெயித்தோம்.

அடுத்த வருஷம் என் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. திருச்சியிலேயே ஆபரேஷன் செய்து வீட்டில் படுத்திருந்தேன். பஸ் மாறித் திருவெறும்பூருக்கு வருவீர்கள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். பிசியோதெரபி பெண் எனக்குக் கால் தூக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தபோது, எனக்கும் முட்டி வலிதாங்க என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே எண்ண, இரண்டு பேரும் காலைத் தூக்கி இறக்கினோம். உங்கள் முட்டிதான் முதலில் குணமானது. மலைக்கோட்டைப் படி ஏறி இறங்கிவிட்டு வந்து என்னிடம் பெருமையடித்துக்கொண்டீர்கள். அந்தக் கோபத்தில்தான் மாமா நான் நடந்தேன்.

ஆவணியில் ஒரு காலை, கடை திறக்கக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது.

சேதி கேட்டு தீபக் போன் செய்தார். அத்தையிடம் பேச வேண்டும் என்றார். கொடுத்தேன். உங்களிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதையே மறுபடியும் கேட்டார். அத்தை அழுதுகொண்டே சிரித்தார். அன்று அவர் சாப்பிட்டதே அதற்குப் பிறகுதான்.

இந்த சீசன் போக வேண்டாம் என்று இருந்தேன். அத்தைதான் விடவில்லை.

"அவர் இருந்தா போகச் சொல்லுவாருன்னு நான் சொல்ல வரல. நானே சொல்றேன், போங்க. இங்க உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் ஆகாது."

போனேன். இறுதி ஆட்டம் வரை வந்தோம். முதல் பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரணி ரெய்டர்கள் என் பக்கமாகவே வந்தார்கள். ஆபரேஷன் செய்த காலில் என்னால் சட்டென்று திரும்ப முடியாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இடைவேளையில் பின்தங்கியிருந்தோம். என்னை எடுத்துவிட்டு குல்வந்தை இறக்குங்கள் என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். இரண்டு சீசனாக எனக்குப் பின்னால் வாய்ப்புக்காகக் காத்திருந்த கார்னர் அவர். இறுதி ஆட்டத்தில் கேப்டனை எப்படி வெளியே உட்கார வைப்பது என்று பயிற்சியாளர் தயங்கினார். கேப்டனாகத்தான் சொல்கிறேன் என்றேன்.

வாழ்க்கையிலேயே கஷ்டமான பிடி அதுதான் மாமா. என்னையே பிடித்து வெளியே உட்கார வைத்தது.

குல்வந்த் முதல் பிடியிலேயே அவர்களுடைய பெரிய ரெய்டரை மடக்கினார். நான் பெஞ்சில் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. திட்டு இல்லை, எல்லாம் பெயர்கள்தான். கடைசியில் சமநிலை. தீபக்கின் ரெய்டு மட்டும் பாக்கி. போனார், எதிரணியின் ஓரத்தில் நின்றவனை விரல் நுனியால் தொட்டார், நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தார். விசில் அடித்ததும் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாரோ என்னைத் தோளில் தூக்கியிருந்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையைப் போல நான் சிரித்துக்கொண்டிருப்பதை வீடியோவில்தான் பார்த்தேன்.

இனி ஆடப் போவதில்லை. தடுப்பு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி கிளப்பிலேயே கேட்டார்கள், உடனே சரி என்றுவிட்டேன். அதற்கு முன்னால் ஓர் ஆட்டம் இருக்கிறது. எங்கள் அணி அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிறது, எனக்கு வழியனுப்பு ஆட்டம்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று. அத்தை வருகிறார். இத்தனை வருஷமும் நீங்கள் வீட்டில் டிவி போட்டதும் வற்றல் எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விடுவாரே, அதே அத்தைதான். என்மேல் ஆட்கள் விழுவதைப் பார்க்கத் தாங்காது என்று இப்போதுதான் காரணம் சொன்னார். ஒரு தடவையாவது பாத்துடறேங்க, ஆனா விழ மாட்டீங்களே என்று கேட்டார். கார்னர்காரன் விழாமல் ஆட முடியாது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. அத்தை பக்கத்தில் நித்யா இருப்பாள். நான் விழுவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும், அவர் பயந்து நித்யாவின் கையைப் பிடிப்பதற்குள் எழுந்து நின்றுவிடுவேன்.

என்றும் உங்கள் வீட்டு மாப்பிள்ளை,
சரவணன்