அட்டைப்படி மனைவி

தண்டலம்,
5-8-91

கன்னியப்பன் மாமாவுக்கு, காவேரி எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கிருஷ்ணாவும் நானும் அக்டோபரில் மொரீஷியஸில் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறோம். அவருக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. இங்கே பதிவு செய்தால் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரு பக்கம், அவர் வீட்டார் ஒரு பக்கம் ஆள் திரட்டிக்கொண்டு வருவீர்கள். அங்கே அந்தத் தொல்லை இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தாலுகா ஆபீஸ் சான்று மட்டும் வேண்டும்.

போன வாரம் கேட்கப் போனேன். குமாஸ்தா ரேஷன் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இன்னாமா, புருஷன வூட்ல வச்சிகினு கல்யாணமாவலன்னு சர்ட்டிபிகேட் கேக்கறே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனி அட்டை வாங்குவதற்காக எண்பத்தைந்தில் என்னை உங்கள் மனைவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அது பொய் என்று நீங்களே நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மாதத்துக்குள்.

காவேரி

வாலாஜாபாத்,
11-8-91

பெரிய படிப்பு படித்த காவேரிக்கு,

தாய்மாமனுக்குக் கடிதம் எழுதுகிற லட்சணமா இது? ஆமாம், எழுதிக் கொடுத்தேன். உன் அம்மாதான் கூட வந்தாள். "எப்டியும் உனக்குத்தானேடா கட்டப்போறோம், எழுது" என்று என் அக்கா வாயாலேயே சொன்னாள். மண்ணெண்ணெய்க்காக எழுதியதுதான். ஆனால் பொய் என்று நினைத்து எழுதவில்லை.

ஆறு வருஷமாக வந்த வரனை எல்லாம் தட்டிக் கழித்தேன். கம்பெனியில் என் ஷிப்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான் காவேரி புருஷன். இப்போது எந்த முகத்தோடு போய் இல்லை என்று சொல்வது? உனக்குக் கடல் தாண்டிக் கல்யாணம் கேட்கிறது. அதற்கு என் கையெழுத்தும் கேட்கிறது. தர முடியாது.

கன்னியப்பன்

தண்டலம்,
17-8-91

மாமாவுக்கு,

நீங்களும் அம்மாவும் பேசி முடித்தீர்கள். என்னை யார் கேட்டீர்கள்? ஊர் உங்களை அப்படிக் கூப்பிட்டபோது ஒரு நாளாவது மறுத்தீர்களா? இளித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

முப்பதாம் தேதி வரை பார்ப்பேன். அப்புறம் பொய் அட்டை என்று நானே தாசில்தாரிடம் மனு கொடுப்பேன்.

காவேரி

வாலாஜாபாத்,
28-8-91

மிரட்டல் வந்து சேர்ந்தது.

லீவு போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அட்டையிலிருந்து உன் பெயரை எடுத்தாயிற்று. காரணம் கேட்டார்கள். இறந்துவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயரைச் சேர்க்கத்தான் ஆயிரம் கேள்வி, எடுக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து தலை முழுகினேன்.

செத்தவளுக்கு எந்தத் தீவில் கல்யாணம் செய்துவைக்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

கன்னியப்பன்

தண்டலம்,
14-9-91

பெண்டாட்டியைப் பறிகொடுத்த கன்னியப்பன் அவர்களுக்கு,

செத்தவள் பள்ளிச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு தாசில்தார் எதிரிலேயே போய் நின்றேன். அம்மாவும் வந்தாள். முதலில் அழுதாள், பிறகு நடந்ததைச் சொன்னாள். விசாரித்துவிட்டு எனக்குச் சான்று கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு நோட்டீஸ் வரும். போய்ப் பதில் சொல்லுங்கள்.

அக்டோபர் நான்காம் தேதி கிளம்புகிறேன்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று கிருஷ்ணா ஜூலையிலேயே படிவம் அனுப்பியிருந்தார். யோசிக்காமல் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதினேன். அவ்வளவு தூரம் வருவீர்களா என்றுகூட நினைக்கவில்லை. மாலை எடுத்துக் கொடுக்க எனக்கு வேறு தாய்மாமன் ஏது? நீங்கள் ஆபீசுக்குப் போய்விட்டு வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நேற்று அந்தப் பெயரை அடித்துவிட்டு, கிருஷ்ணாவோடு வேலை செய்யும் ஒருவர் பெயரை எழுதி அனுப்பினேன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

காவேரி