ருக்மணியக்காவின் மூலை

6 பிப்ரவரி 2025, வியாழன்

காலை ஏழரைக்கு வட்டக் கூட்டம். பைபாஸ் ஹோட்டலின் மாடி ஹால், அதே இட்லி, அதே தண்ணிச் சட்னி. தொழில் செய்யும் பெண்கள் ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுப்பதற்காக நடத்தும் வட்டம் இது. நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை எனக்கு வந்த வேலை, ஒரு பியூட்டி பார்லருக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை பிடித்துக் கொடுத்தது. அவ்வளவுதான்.

இன்று தலைவி சரஸ்வதி மேடத்தின் வகுப்பு. ஓசூரில் பாதி ஷோரூம்களுக்கு உள்அலங்காரம் செய்தவர். "'யாராவது ஒரு கம்பெனி, யாராவது ஒரு ஓனர்'னு கேட்டா யாருக்கும் யாரும் ஞாபகத்துக்கு வரமாட்டாங்க. பேர் சொல்லிக் கேளுங்க, ஊர் சொல்லிக் கேளுங்க. அப்பதான் கெடைக்கும்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும்.

ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி என்பது வட்டத்தின் விதி. ஒரு டென்டிஸ்ட், ஒரு ஆடிட்டர், ஒரு கேட்டரிங். கடை, குடோன் வாடகைக்கும் லீசுக்கும் பிடித்துக் கொடுப்பவள் நான் ஒருத்தி. அதற்காகத்தான் சேர்ந்தேன். பத்திர ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் நிற்கும் புரோக்கர்கள் என்னைக் கண்டால் இன்னும் "சார் வரலீங்களா மேடம்?" என்கிறார்கள். சார் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருக்கிறார். இது என் தொழில்.

9 பிப்ரவரி, ஞாயிறு

சூளகிரி தாண்டிப் போனேன். ஹைவே மேல் நாலு ஏக்கர். கண்டெய்னர் லாரி உள்ளே வந்து திரும்ப இடம், மேடு பள்ளம் இல்லாத தரை. இப்படி ஓர் இடத்துக்காக இத்தனை வருடம் ஸ்கூட்டியில் அலைந்தேன்.

உரிமைக்காரர் ருக்மணியக்கா. கணவர் இறந்த பிறகு பட்டா இவர் பெயரிலும் மகன் மாதேஷ் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. மாதேஷ் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான்.

"விக்கறத மட்டும் பேசாதம்மா. லீசுக்குன்னா குடுக்கறேன். ரோட்டு மேல ஒரு மூலைய எனக்கு உட்டுடணும். களி மெஸ் போடணும். லாரிக்காரங்க நிப்பாங்க இல்ல?"

கடையை எங்கே போடுவார், கைகழுவும் தொட்டி எங்கே வரும் என்று நடந்தே காட்டினார். மூலையில் ஒரு புங்கமரம். அதை வெட்டக்கூடாதாம்.

"நீங்க கவலப்படாதீங்கக்கா. லீஸ்தான். விக்கற பேச்சே வராது. மூலை உங்களுக்குத்தான்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. முதல் நாளே காகிதத்தை நீட்டினால் பயந்துவிடுவார் என்று விட்டேன். மகன் மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை, யுகாதிக்கு வரும்போது பேசுகிறேன் என்றார். கிளம்பும்போது ஒரு பை அவரைக்காய் கொடுத்தார்.

20 பிப்ரவரி, வியாழன்

என் ஒரு நிமிடம் வந்தது. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான், மணி அடிப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தபடியே பேசினேன். பேர் சொல்லி, ஊர் சொல்லி.

"சூளகிரி தாண்டி ஹைவே மேல நாலு ஏக்கர். ஓனர் ருக்மணியம்மா லீசுக்கு ரெடி. பெங்களூர்ல இருக்கற பையன் சம்மதம்தான் பாக்கி. உதிரி பாக கம்பெனி எதுலயாவது குடோன் முடிவு பண்ற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு அறிமுகம் செய்யுங்க."

கைதட்டினார்கள். சரஸ்வதி மேடம் மைக்கில், "பாத்தீங்களா? கேட்டா இப்படிக் கேக்கணும்" என்றார். வீட்டுக்கு வரும்வரை அதுவே காதில் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

24 பிப்ரவரி, திங்கள்

சரஸ்வதி மேடத்துடன் 'ஒன் டு ஒன்'. இரண்டு உறுப்பினர்கள் தனியாக உட்கார்ந்து காபி குடித்து அவரவர் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டுமாம். இதுவும் விதி. அவரே பாகலூர் ரோட்டில் இருக்கும் என் சின்ன ஆபீசுக்கு வந்தார். தலைவி என்னைத் தேடி வந்தார் என்று எனக்கு ஒரே பெருமை.

"அந்தப் பையன் சம்மதம்தானே பிரச்சினை? என் தம்பி முனிவேலுக்கு பெங்களூர்ல நெறைய பழக்கம். அம்மா சொன்னா கேக்காத பசங்க வெளியாள் சொன்னா கேப்பாங்க. நம்பர் குடுங்க, பேசச் சொல்றேன். உங்களுக்காகத்தான்."

முனிவேல் யார் என்று எனக்குத் தெரியும். லேஅவுட் போட்டு பிளாட் விற்கிறவர். தெரிந்தே மாதேஷின் நம்பரைக் கொடுத்தேன். ருக்மணியக்கா வீடு எங்கே என்று வழியும் சொன்னேன்.

12 மார்ச், புதன்

ருக்மணியக்கா போன் எடுக்கவில்லை. போன வாரமும் இப்படித்தான். மாதேஷும் எடுக்கவில்லை.

18 மார்ச், செவ்வாய்

நேரில் போனேன். நிலத்தின் ஓரம் பொக்லைன் நின்றிருந்தது.

ருக்மணியக்கா வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"நீ அனுப்பன ஆளுன்னுதானேம்மா சொன்னாங்க? உம்பேரச் சொன்னதாலதான் உள்ள உட்டேன்."

"நான் லீசுக்குத்தானேக்கா—"

"எம்மவனுக்கு பெங்களூர்ல ஃபிளாட்டுக்கு ஆச காட்டிட்டாங்க. நான் மாட்டேன்னேன். பாதி என்னுது, ரோட்டுப் பக்கத்துப் பாதிய நான் வித்துக்கறேன்னான். அப்ப எனக்கு என்னா மிஞ்சும்? பின்னாடி வழியில்லாத ரெண்டு ஏக்கரு. நான் எப்புடிப் போவேன், வானத்துலயா? போட்டுட்டேன் கையெழுத்து."

நான் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அனுப்பியதுதானே. நம்பர் யார் கொடுத்தது? வழி யார் சொன்னது?

19 மார்ச், புதன்

டீக்கடை புரோக்கர்களிடம் ஒரு சர்வே நம்பரைக்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு உஷார். இங்கே எல்லோரும் பொம்பளைங்கதானே என்று பல்லைக் காட்டிக்கொண்டு மைக்கில் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேணும். நல்லா வேணும்.

27 மார்ச், வியாழன்

கூட்டம் முடிந்ததும் சரஸ்வதி மேடத்தைப் பார்க்கிங்கில் பிடித்தேன். என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். "லீசுன்னு சொன்னேனே மேடம்" என்பது மட்டும்தான் வந்தது.

"தம்பி உங்களுக்காகத்தான் பேசப் போனான். அந்தப் பையனே விக்கறேன்னு நின்னா வேணாம்னு துரத்தவா முடியும்? பிசினஸ்ல இதெல்லாம் சகஜம் சுஜாதா. மனசுல வச்சுக்காதீங்க."

தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். பிசினசாம். நான் மட்டும் என்ன, கோயில் திருப்பணியா செய்துகொண்டிருந்தேன்? கமிஷனுக்குத்தான் நானும் போனேன். ஆனால் மூலை உங்களுக்குத்தான் என்று ஒரு மனுஷிக்கு வாக்குக் கொடுத்தது நான். அதை இந்தம்மா என்னவென்று சொல்வார்? அதுவும் சகஜமா?

வீட்டில் கணவர் ராஜேஷிடம் சொன்னேன். "விட்டுட்டு வெளிய வாயேன்" என்றார். எப்படி வர? நான் எழுந்த மறுவாரமே என் நாற்காலியில் முனிவேலின் மனைவி சுவேதா உட்காருவாள். விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறாளாம். மாட்டேன். குடுக்க மாட்டேன்.

10 ஏப்ரல், வியாழன்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலாண்டு விழா. ஒவ்வொரு உறுப்பினரும் எவ்வளவு வேலை மற்றவருக்குப் பிடித்துக் கொடுத்தார் என்று கணக்குப் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். முதல் பரிசுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஏதோ தவறு என்று உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்த ஆடிட்டர் ரேவதி முழங்கையால் இடித்து எழுப்பினாள். சரஸ்வதி மேடம் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் காலாண்டோட மிகப் பெரிய பரிந்துரை. சூளகிரி நாலு ஏக்கர். எங்க குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தின சுஜாதாவுக்கு எங்க மனமார்ந்த நன்றி!"

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். "இது நான் கொடுத்ததில்லை, நீங்க எடுத்துக்கிட்டது" என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி போதும். மேடை ஏறினேன், ஷீல்டை வாங்கினேன், போட்டோவுக்குச் சிரித்தேன். சிரிச்சேனே! என்ன ஜென்மம் நான்?

11 ஏப்ரல், வெள்ளி

வட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ. நல்லாத்தான் சிரித்திருக்கிறேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

நாலு மாதம் எதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? இரண்டு கடைகள் முடித்துக் கொடுத்தேன். வியாழன் தவறாமல் இட்லி சாப்பிட்டேன். சூளகிரி பக்கம் போகும் வேலை வந்தால் தட்டிக் கழித்தேன்.

இன்று ருக்மணியக்கா ஆபீசுக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றவரை எழுந்து போய் உள்ளே கூப்பிட்டேன்.

"மெஸ்ஸுக்கு ஒரு எடம் வேணும்மா. வாடகைக்கு."

மாதேஷ் தன்னோடு வந்து இருக்கச் சொன்னானாம். பதினோராவது மாடி. "அங்க போயி என்னா பண்றது? கீழ எறங்கணும்னாலே பயமா கீது" என்றார். அவர் நிலத்தில் குடோன் எழும்பிவிட்டது. ரோட்டு மேல் ஆறு ஷட்டர் வைத்துக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். நேராக முனிவேலிடமே போய் மூலைக்கடையை வாடகைக்குக் கேட்டிருக்கிறார். பழைய ஓனருக்குக் கடையை விட்டால் நாளைக்கு உரிமை கொண்டாடுவார்கள், குடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"எங்கிட்ட ஏன்க்கா வந்தீங்க?" கேட்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

"வேற யாரத் தெரியும் எனக்கு?"

அப்போதுதான் அலமாரி மேல் இருந்த ஷீல்டுக்கு அவர் கண் போனது. "இதென்னாம்மா, பள்ளிக்கூடத்துல ஓடி ஜெயிச்சா குடுப்பாங்களே, அதாட்டம்? எதுக்குக் குடுத்தாங்க?"

எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். அவருக்குப் படிக்க வராது. நன்றாக வேலை செய்ததற்கு என்று சொல்லி முடித்திருக்கலாம்.

"உங்க நெலத்துக்குத்தான்க்கா" என்றேன்.

கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லா வெயிட்டா கீதே" என்றார். எடுத்த இடத்திலேயே வைத்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு, "அந்த மூலை கெடைக்குமான்னு பாரு. மரம் இன்னும் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை இந்த அக்கா.

21 ஆகஸ்ட், வியாழன்

என் ஒரு நிமிடம்.

"சூளகிரி தாண்டி, ஹைவே மேல, ஒரு சின்ன கடை வேணும். மூலைக்கடையா இருந்தா நல்லது. சாப்பாட்டுக் கடைக்கு."

"யாருக்கு சுஜாதா? பேர் சொல்லிக் கேளுங்க. மறந்துட்டீங்களா?" சரஸ்வதி மேடம். ஹாலில் சிரிப்பு.

"எனக்குத்தான் மேடம்."

மறுபடியும் சிரித்தார்கள். மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். தம்பியிடம் சொல்கிறேன், நம்ம சுஜாதாவுக்கு இல்லாததா என்றார். பரிந்துரைச் சீட்டையும் அவரே எழுதி நீட்டினார். நானும் நன்றி சொன்னேன். இந்த முறை சிரிப்பதற்குக் கஷ்டமாக இல்லை.

15 செப்டம்பர், திங்கள்

முனிவேலின் ஆபீசில் வாடகை ஒப்பந்தம். பதினோரு மாதத்துக்கு, என் பெயரில். என்ன கடை என்று கேட்டார். களி மெஸ் என்றேன். யார் சமைப்பது என்று அவர் கேட்கவில்லை. ஆள் வைத்து நடத்தலாம் என்பது வரிக்கு வரி படித்துப் பார்த்து நான் சேர்க்கச் சொன்ன ஷரத்து. இந்த முறை எழுதி வாங்கிக்கொண்டேன்.

9 அக்டோபர், வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. போன வாரமே விலகிவிட்டேன். சுவேதா உட்கார்ந்திருப்பாள். உட்காரட்டும்.

மெஸ் திறந்து ஒரு வாரம் ஆகிறது. போர்டில் பெயர் போடவில்லை. 'களி, கீரை, கோழிக் குழம்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. முனிவேல் காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தாராம். அடுப்படியில் யார் என்று பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாராம். பதினோரு மாதம் கழித்து என்ன செய்வார் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மதியம் போனேன். வெளியே புங்கமரத்தடியில் லாரிக்காரர்கள் தட்டோடு நின்றிருந்தார்கள். ருக்மணியக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த வாடகையை எடுத்து என் கையில் கொடுத்தார். அவருடைய நிலம். நான் அதைக் கொண்டுபோய் முனிவேலிடம் கொடுக்க வேண்டும்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை உட்காரவைத்து முன்னால் ஒரு தட்டு களி வைத்தார். நடுவில் குழித்துக் கீரைக் குழம்பு ஊற்றினார்.

"சாப்புடும்மா. உன் கடதானே."

அன்பாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாப்பிட்டேன்.